ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைக்குப் பாடசாலையில் என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம்?

பெற்றோர் சந்திப்பு நாட்களில் அடிக்கடி காதில் விழும் வசனங்கள் சில உண்டு. "பிள்ளை கெட்டிக்காரன்தான், ஆனால் ஓரிடத்தில் இருக்கமாட்டான்." "குழப்படி இல்லை, ஆனால் பிள்ளையின் கவனம் எங்கேயோ இருக்கிறது." கொப்பியைத் திறந்தால் பாதி வேலை எழுதப்படாமல் கிடக்கும். கிழமைக்கு ஒரு பென்சில், மாதத்துக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் தொலையும். வீட்டில் சரியாகச் செய்த கணக்கு தவணைப் பரீட்சையில் பிழைக்கும். இதற்கு வழமையாகக் கிடைக்கும் பதில் ஏச்சு, முழங்காலில் நிற்கவைத்தல், இன்னொரு ரியூசன் வகுப்பு.

இப்படியான பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. அவதானக் குறைவும் மிகைச் செயற்பாடும் கொண்ட நரம்பு வளர்ச்சி நிலை என்று இதைத் தமிழில் விளக்கலாம். உலகளாவிய ஆய்வுகளின் தொகுப்பு மதிப்பீடு, பிள்ளைகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகக் கூறுகிறது. அந்தக் கணக்கில் 40 பேர் உள்ள வகுப்பில் இருவர்.

இலங்கையில் ஏ.டி.எச்.டிக்கென்று தனிச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் உள்ளதைப் போல, தகுதிபெறும் பிள்ளைக்கு எழுத்திலான திட்டமொன்றைப் பாடசாலை தயாரிக்கவேண்டும் என்ற கட்டாயமும் இங்கு இல்லை. எனவே கிளினிக்கில் வைத்தியர் சொல்லும் ஒரு பெயர் வகுப்பறையில் தானாக எதையும் மாற்றிவிடாது. பிள்ளைக்கு என்ன தேவை என்று சொல்லும் அறிக்கை, அதை வைத்து அதிபரிடம் கொடுக்கும் கடிதம், அந்தக் கடிதம் கிடைத்ததற்கான சான்று ஆகிய மூன்றும் சேர்ந்தே மாற்றத்தைக் கொண்டுவரும். இந்தப் பாதையைப் பெற்றோர்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்த வாசலில் தொடங்கி எந்த வாசலுக்குப் போவது என்பதை இக்கட்டுரை வரிசையாகத் தருகிறது.

எது ஏ.டி.எச்.டி, எது அல்ல

இந்த நிலை மூன்று விதமாகத் தெரியலாம். அவதானக் குறைவு மேலோங்கியது ஒன்று. ஓட்டமும் துடிப்பும் அவசரமும் மேலோங்கியது இன்னொன்று. இரண்டும் கலந்தது மூன்றாவது. முதலாவது வகைப் பிள்ளைகள் எவருக்கும் தொல்லை கொடுப்பதில்லை என்பதால் கண்ணில் படுவதும் குறைவு. பெண்பிள்ளைகளில் பலர் இப்படித்தான் தவறவிடப்படுகிறார்கள். தரம் 8, 9 அளவில் பாடங்கள் கூடும்போதுதான் அவர்களின் சிரமம் வெளித்தெரியும். அப்போது அதற்கு "சோம்பல்" என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூலின்படி அறிகுறிகள் 12 வயதுக்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பாடசாலை போன்ற இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். பட்டியலிலுள்ள ஒன்பது அறிகுறிகளில் ஆறு இருக்கவேண்டும் என்பது பிள்ளைகளுக்கான அளவுகோல். இதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ கிடையாது. வைத்தியர் பெற்றோரிடம் கேட்பதும், ஆசிரியர் எழுதித் தருவதும், பிள்ளையை நேரில் அவதானிப்பதும் சேர்ந்துதான் முடிவுக்கு வருகின்றன.

ஏ.டி.எச்.டி போலத் தோன்றும் வேறு காரணங்களும் உண்டு. காது சரியாகக் கேட்காத பிள்ளையும், பலகை தெரியாத பிள்ளையும் கவனமில்லாதவர்களாகவே தெரிவார்கள். சில விநாடிகள் நினைவு தவறும் வலிப்பு வகை பகற்கனவு போலிருக்கும். மூக்கடைப்பும் குறட்டையும் தூக்கத்தைக் கெடுத்தால் பகலில் துடிப்பும் எரிச்சலும் வரும். வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளை வாசிக்கச் சொன்னால் எழுந்து ஓடப் பார்க்கும். வீட்டில் வன்முறை, இழப்பு, பெற்றோரில் ஒருவர் வெளிநாடு போனமை ஆகியவையும் பிள்ளையின் அவதானத்தைக் குலைக்கும். ஆகவே முதலில் கண்ணையும் காதையும் சோதிப்பது நல்லது. மறுபக்கம், வாசிப்புச் சிரமமோ பதகளிப்போ ஏ.டி.எச்.டியுடன் சேர்ந்தே இருக்கவும் கூடும். ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடாமல் விடக்கூடாது.

எங்கே காட்டுவது

அரச வைத்தியசாலைகளில் இந்தச் சேவை இலவசம். அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக் அல்லது உளநலப் பிரிவில் தொடங்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் இன்னொரு வழி. அப்பணிமனையினர் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை செய்ய வருவார்கள். அன்று வைத்தியரிடம் விடயத்தைச் சொல்லி மேல் கிளினிக்குக்கான கடிதம் கேட்கலாம்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. கொழும்பில் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துடன் இணைந்த 'அயதி' நிலையம் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கானது. உளமருத்துவப் பிரிவு என்றதும் "பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள்" என்ற பயம் பல குடும்பங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தப் பயம் இருப்பவர்கள் சிறுவர் கிளினிக்கில் தொடங்கினால் போதும். தேவைப்பட்டால் அங்கிருந்தே அனுப்பிவைப்பார்கள். வழி தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

மொழியும் ஒரு சிக்கல். தமிழில் வளரும் பிள்ளையை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கேள்வி கேட்டு மதிப்பிட்டால் மொழி விளங்காமையும் அவதானக் குறைவும் ஒன்றோடொன்று கலந்துபோகும். தமிழ் பேசும் வைத்தியர் அல்லது உளவளத்துணையாளர் இருக்கும் கிளினிக் நாள் எது என்று கேட்டறிந்து செல்லுங்கள். அப்படியொருவர் இல்லாவிட்டால் மொழிபெயர்க்கக்கூடிய பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

முதல் கிளினிக் நாளுக்குக் கையில் கொண்டுபோக வேண்டியவை: பிள்ளை சுகாதார அபிவிருத்திப் பதிவேடு, கடந்த இரண்டு வருடத் தவணை அறிக்கைகள், பாதி எழுதப்பட்ட கொப்பிகள் இரண்டு மூன்று, வகுப்பாசிரியர் கைப்பட எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. கடைசியில் சொன்னதுதான் அதிகம் பயன்படும். "கவனமில்லை" என்று எழுதுவதைவிட, "40 நிமிடப் பாடத்தில் ஏழெட்டுத் தடவை எழும்புகிறார், பலகையில் உள்ளதில் மூன்றில் ஒன்றையே எழுதி முடிக்கிறார், வாய்மூலம் கேட்டால் சரியாகச் சொல்கிறார்" என்பது போல எழுதித் தரும்படி ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள்.

அறிக்கையில் என்ன எழுதப்பட வேண்டும்

கிளினிக் கொப்பியில் மூன்று நான்கு ஆங்கில எழுத்துகள் எழுதப்பட்டிருப்பதை வைத்து ஓர் அதிபரால் எதுவும் செய்ய இயலாது. வைத்தியரிடம் பாடசாலைக்கென்று தனியான கடிதமொன்றைக் கேளுங்கள். அதில் ஐந்து விடயங்கள் இருந்தால் நல்லது:

1. நோய் நிர்ணயத்தின் பெயர், திகதி, வைத்தியரின் பதவி, கையொப்பம், முத்திரை.
2. அது பிள்ளையின் கற்றலை எப்படிப் பாதிக்கிறது. உதாரணமாக எழுதும் வேகம், அறிவுறுத்தலை நினைவில் வைத்தல், நீண்ட நேரம் அமர்தல்.
3. வகுப்பறையில் செய்யவேண்டிய ஏற்பாடுகள், ஒவ்வொன்றாக.
4. பரீட்சையில் தேவையான ஏற்பாடுகள். மேலதிக நேரமா, தனி அறையா, இடைவேளையா என்பது தெளிவாக இருக்கவேண்டும்.
5. மீளாய்வு எப்போது என்ற குறிப்பு.

பாடசாலைக்குக் குடும்பத்தின் முழுக் கதையும் தெரியவேண்டியதில்லை. வீட்டுப் பிரச்சினைகள், ஏனைய மருத்துவ விபரங்கள் அடங்கிய முழு அறிக்கையை உங்களிடம் வைத்துக்கொண்டு, சுருக்கக் கடிதத்தை மட்டும் பாடசாலையிடம் கொடுக்கலாம். மூலப் பிரதியை எவரிடமும் கொடுத்துவிட வேண்டாம். பிரதி போதும், மூலத்தைக் காட்டினால் போதும்.

வகுப்பறையில் கேட்கக்கூடியவை

"உங்கள் பிள்ளைக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்றப் பெற்றோர் கேட்பார்கள்" என்பது ஆசிரியர்கள் சொல்லும் பொதுவான தயக்கம். பலகை தெரியாத பிள்ளையை முன் வாங்கில் இருத்துவதை எவரும் சலுகை என்பதில்லை. இதுவும் அவ்வாறான ஏற்பாடே. பாடத்தின் தரம் குறைவதில்லை, அதை அடையும் வழிதான் சற்று மாறுகிறது.

கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை.

- இருக்கை: முன் வரிசை, ஆசிரியரின் கைக்கெட்டும் தூரம். யன்னல், கதவு, மின்விசிறிக்குக் கீழான இடம் தவிர்க்கப்பட வேண்டும். பக்கத்தில் அமைதியான பிள்ளை. தண்டனையாகத் தனி மேசையில் ஒதுக்கி இருத்துவது இதில் அடங்காது.
- அறிவுறுத்தல்: ஒரு தடவையில் ஒன்று அல்லது இரண்டு. சொல்வதோடு பலகையில் எழுதுவதும், பிள்ளையைத் திரும்பச் சொல்லவைப்பதும்.
- வேலையைப் பிரித்தல்: பத்துக் கணக்கை ஒரேயடியாகத் தராமல் ஐந்தாகத் தந்து, பார்த்துச் சரியிட்டு, மற்ற ஐந்தையும் தருதல்.
- அசைவு: பலகை அழித்தல், கொப்பிகளைச் சேகரித்தல், காரியாலயத்துக்கு வரவு இடாப்பைக் கொண்டுபோதல் போன்ற பொறுப்புகள். எழும்பவேண்டிய பிள்ளைக்கு எழும்ப ஒரு காரணம் கிடைத்துவிடும்.
- எழுத்துச் சுமை: பலகையில் உள்ள நீண்ட குறிப்பைப் பிரதிசெய்ய அச்சிட்ட தாள் அல்லது நண்பரின் கொப்பியின் படம். தெரியுமா என்று பார்க்க வாய்மூலக் கேள்வி.
- வீட்டுவேலைக் கொப்பி: மணி அடிக்கும் முன் என்ன வேலை, எந்தத் திகதிக்கு என்று பிள்ளை எழுதியிருக்கிறதா எனப் பார்த்து ஆசிரியர் கையொப்பமிடுதல். வீட்டில் பெற்றோர் கையொப்பமிடுதல்.
- இரகசியச் சைகை: பெயரைச் சொல்லி அதட்டாமல், மேசையில் விரலால் தட்டுவது போன்று இருவருக்கு மட்டும் தெரிந்த அடையாளம்.
- இடைவேளை: வேலை முடிக்கவில்லை என்று இடைவேளையைப் பறிக்காதிருத்தல். ஓடி விளையாடும் அந்த 20 நிமிடம் அடுத்த பாடத்துக்குத் தேவை.
- உடனடிப் பாராட்டு: தவணை முடிவில் பரிசு என்பது இந்தப் பிள்ளைக்கு மிகத் தொலைவு. பத்து நிமிடம் இருந்து எழுதியதற்கு அப்போதே ஒரு சொல், ஒரு நட்சத்திரம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் ஒன்றும் நடக்காது. பிள்ளைக்கு மிகத் தேவையான மூன்றைத் தெரிந்து கேளுங்கள். வன்னியிலும் தோட்டப் பகுதிகளிலும் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்துப் படிப்பிக்கும் பாடசாலைகள் உள்ளன. அங்கே இருக்கை, பிரித்துக் கொடுத்த வேலை, ஓர் உதவி நண்பர் ஆகிய மூன்றும் நடைமுறைக்கு ஏற்றவை.

இன்னொரு எச்சரிக்கை. "பிள்ளையை விசேட கல்வி அலகுக்கு மாற்றுங்கள்" என்று பாடசாலை சொல்லலாம். ஏ.டி.எச்.டி இருப்பது மட்டும் அதற்குக் காரணமாகாது. இப்பிள்ளைகளில் பெரும்பாலானோர் சாதாரண வகுப்பிலேயே படிக்கக் கூடியவர்கள். அலகின் விசேட கல்வி ஆசிரியர் கிழமையில் சில பாடவேளைகள் பிள்ளைக்கு உதவுவதும், வகுப்பாசிரியருக்கு வழிகாட்டுவதும் வேறு விடயம். அதைக் கேட்டுப் பெறலாம்.

அதிபருக்கான கடிதம்

முதலில் வகுப்பாசிரியரைச் சந்தித்துப் பேசிவிட்டுப் பிறகு கடிதத்தைக் கொடுங்கள். தனக்குத் தெரியாமல் அதிபரிடம் போனார்கள் என்ற மனத்தாங்கல் பிள்ளையின் தலையில்தான் வந்து விழும். கடிதம் இப்படி அமையலாம்:

*அதிபர் அவர்கட்கு,*
*வகுப்பாசிரியர் ஊடாக*

*விடயம்: தரம் 4இல் கற்கும் எனது பிள்ளைக்கான வகுப்பறை ஏற்பாடுகள்*

*தங்கள் பாடசாலையில் தரம் 4இல் கற்கும் எனது மகனுக்கு (பெயர், சேர்விலக்கம்) ஏ.டி.எச்.டி இருப்பதாக வைத்திய நிபுணர் உறுதிப்படுத்தியுள்ளார். அவரது கடிதத்தின் பிரதியை இணைத்துள்ளேன்.*

*வைத்தியரின் சிபாரிசுப்படி பின்வரும் ஏற்பாடுகளைச் செய்து தருமாறு வேண்டுகிறேன்: 1. முன் வரிசையில் இருக்கை. 2. வேலைகளைச் சிறு பகுதிகளாக வழங்குதல். 3. தவணைப் பரீட்சைகளில் மேலதிக நேரம்.*

*வீட்டில் நான் நாளாந்தம் வீட்டுவேலைக் கொப்பியைப் பார்த்துக் கையொப்பமிடுவேன். இவ்வேற்பாடுகள் பற்றிக் கலந்துரையாட வகுப்பாசிரியருடன் சேர்த்து ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறும், ஆறு கிழமைகளின் பின் முன்னேற்றத்தை மீண்டும் பார்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.*

*பிள்ளையின் மருத்துவ விபரங்களைப் படிப்பிக்கும் ஆசிரியர்களைத் தவிர வேறெவருக்கும் தெரியப்படுத்த வேண்டாம் எனத் தயவுடன் வேண்டுகிறேன்.*

இரண்டு பிரதிகள் எடுத்து, உங்கள் பிரதியில் காரியாலயத்தின் திகதி முத்திரையையும் கையொப்பத்தையும் பெறுங்கள். அது முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பு நடந்தால், பேசி உடன்பட்டதை அன்றே நாலு வரியில் எழுதி அதிபருக்குக் கொடுங்கள். அதிபர் இடமாற்றம் பெறுவார், வகுப்பாசிரியர் வருடந்தோறும் மாறுவார். எழுத்தில் இல்லாத உடன்பாடு அவர்களோடு போய்விடும்.

பரீட்சைகள்

தவணைப் பரீட்சையின் வினாத்தாள் வெளியிலிருந்து வந்தாலும் பிள்ளையை எங்கே இருத்துவது, எப்போது தாளை வாங்குவது என்பன பெரும்பாலும் பாடசாலை மட்டத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றன. ஆகவே மேலதிக நேரத்தையும் அமைதியான அறையையும் முதலில் இங்கேதான் கேட்கவேண்டும். பிள்ளைக்கு அந்த ஏற்பாடு உண்மையில் உதவுகிறதா என்று பார்க்கவும் இதுதான் இடம். சில பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் கூடுதல் களைப்பாகவே முடியும். அவர்களுக்கு இடையில் ஐந்து நிமிடம் எழுந்து நடக்க விடுவது கூடுதல் பயன் தரும்.

தரம் 5 புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் ஆகியவை பரீட்சைத் திணைக்களத்தின் கையில் உள்ளன. விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில் வினாத்தாள், எழுத உதவுபவர் போன்ற ஏற்பாடுகளைத் திணைக்களம் செய்கிறது. இவை விண்ணப்பித்துப் பெறவேண்டியவை, மருத்துவ அறிக்கையின் அடிப்படையில் தீர்மானிக்கப்படுபவை. ஏ.டி.எச்.டி என்ற பெயர் மட்டும் அங்கே போதாது. அது எழுதும் வேகத்தையும் அவதானத்தையும் எந்தளவு பாதிக்கிறது என்று நிபுணரின் அறிக்கை சொல்லவேண்டும்.

பாடசாலைப் பரீட்சார்த்தியின் விண்ணப்பம் அதிபர் ஊடாகவே செல்கிறது. விசேட ஏற்பாட்டுக் கோரிக்கையும் அந்த விண்ணப்பத்தோடேயே சேரவேண்டும். பரீட்சைக்குப் பல மாதங்களுக்கு முன்னரே விண்ணப்ப முடிவுத் திகதி வந்துவிடும். அனுமதி அட்டை கைக்கு வந்தபின் ஓடித் திரிவதில் பயனில்லை. பரீட்சை எழுதும் வருடத்துக்கு முந்திய வருடமே நிபுணர் அறிக்கையைப் புதுப்பித்து, கடந்த தவணைகளில் பாடசாலை இந்த ஏற்பாட்டைச் செய்தது என்பதற்கான அதிபரின் கடிதத்தையும் எடுத்து வையுங்கள். பரீட்சை நாளன்று மண்டப மேற்பார்வையாளருக்கு வாயால் விளக்கம் சொல்லும் நிலை வராமல், அனுமதிக் கடிதத்தின் பிரதியொன்று பிள்ளையின் கையிலும் இருக்கட்டும்.

புலமைப்பரிசில் பற்றி ஒரு வார்த்தை. அதன் முதலாம் வினாத்தாள் ஒரு மணித்தியாலத்தில் 40 வினாக்கள். வேகமும் இடைவிடாத அவதானமும் கேட்கும் இந்தத் தாள் ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளையின் அறிவைவிட அதன் சிரமத்தையே அதிகம் அளக்கும். இப்பரீட்சைக்குத் தோற்றுவது கட்டாயமல்ல. வெட்டுப்புள்ளியைத் தாண்டாத ஒரு பத்து வயதுப் பிள்ளை தன்னை மக்கு என்று முடிவுகட்டினால், அந்த முடிவை மாற்ற வருடங்கள் எடுக்கும்.

சர்வதேசப் பாடசாலைகளில் கேம்பிரிட்ஜ், எடெக்செல் பரீட்சைகளை எழுதும் பிள்ளைகளுக்கு அந்தப் பரீட்சைச் சபைகளின் விதிகளே பொருந்தும். 25 சதவீத மேலதிக நேரம், இடை ஓய்வு போன்றவை அங்கு வழமையானவை. பாடசாலையின் பரீட்சைப் பொறுப்பாளர்தான் விண்ணப்பிக்கவேண்டும்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடைசெய்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் இது அனுமதி பற்றியது. அனுமதித்த பின் வகுப்பறையில் என்ன செய்யவேண்டும் என்று இப்பிரிவு சொல்வதில்லை. இயலாமைக்கு அச்சட்டம் தரும் வரைவிலக்கணமும் குறுகியது. ஏ.டி.எச்.டி அதற்குள் அடங்குமா என்பது வாதத்துக்குரியது.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிப்படுத்துகிறது. அதன் 4ஆம் பந்தி, பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விசேட ஏற்பாடு செய்வதற்குச் சமத்துவம் தடையாகாது என்கிறது. "எல்லாருக்கும் ஒரே சட்டம், உங்கள் பிள்ளைக்கு வேறா" என்று கேட்பவருக்கு இதைக் காட்டலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை கல்வியில் நியாயமான ஏற்பாடுகளைக் கோருகிறது. இதை முழுமையாக உள்நாட்டுச் சட்டமாக்காதவரை நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றிக்கொள்வது கடினம். எனினும் கடிதத்தில் குறிப்பிடுவதற்கு வலுவான ஆதாரம். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், "நீங்களே விலக்கிக்கொண்டு போங்கள்" என்று பாடசாலை சொல்வதற்கும் இடமில்லை.

அடிப்பதைப் பற்றிச் சட்டநிலை இதைவிடத் தெளிவு. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் பாடசாலையில் உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்கின்றன. மாணவனொருவனின் காதில் ஆசிரியர் அறைந்த வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறல் எனத் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கியது. ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளைதான் வகுப்பில் அதிகம் அடி வாங்குகிறது என்பதால் இந்தத் தீர்ப்பு இப்பெற்றோருக்கு மிக நெருக்கமானது.

பாடசாலை மறுத்தால்

படிகளை ஒவ்வொன்றாக ஏறுங்கள்.

1. அதிபரிடமிருந்து பதில் இல்லையெனில், முதற் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் கடிதம்.
2. வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர். அறிக்கை, கடிதங்கள், கொப்பிகளுடன் நேரில் செல்லுங்கள். பல பிரச்சினைகள் இங்கேயே ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடும்.
3. வலயக் கல்விப் பணிப்பாளர், பின்னர் மாகாணக் கல்விப் பணிப்பாளர். தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சு.
4. "அப்படி ஒரு சுற்றறிக்கையே இல்லை" என்று சொன்னால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைத் தெரிவிக்கவேண்டும்.
5. பாரபட்சம் எனில் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, இலக்கம் 1996. அடி, அவமானப்படுத்தல் எனில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, இலக்கம் 1929.

அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இந்த முறைப்பாடுகளைத் தமிழில் எழுதலாம், தமிழில் பதிலும் கேட்கலாம்.

சண்டைக்கு முன் ஒன்றை யோசியுங்கள். வெற்றிபெற்ற பின்னும் அதே பிள்ளை அதே ஆசிரியர் முன்தான் இருக்கப்போகிறது. 40 பேரை வைத்துக்கொண்டு, இது பற்றிய பயிற்சியும் கிடைக்காமல் திண்டாடும் ஆசிரியரும், பிள்ளையை வேண்டுமென்றே அவமதிக்கும் ஆசிரியரும் ஒருவரல்லர். முதலாமவருக்குத் தேவை உதவி. இரண்டாமவருக்கே முறைப்பாடு.

மருந்து கொடுக்கும் பிள்ளைகள்

மருந்து வேண்டுமா என்பது வைத்தியரும் பெற்றோரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. சிறு வயதில் முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியையே மருத்துவ வழிகாட்டல்கள் பரிந்துரைக்கின்றன. பாடசாலை வயதில் மெதைல்பெனிடேட் போன்ற மருந்துகள் பலருக்கு நன்கு உதவுகின்றன. மருந்து எடுக்கவில்லை என்பதற்காக வகுப்பறை ஏற்பாட்டை மறுக்க முடியாது. "மருந்து கொடுத்தால்தான் வகுப்பில் வைத்திருப்போம்" என்று சொல்லவும் பாடசாலைக்கு உரிமையில்லை.

பாடசாலை அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. மெதைல்பெனிடேட்டின் சாதாரண வில்லை ஏறத்தாழ நான்கு மணித்தியாலமே வேலை செய்யும். காலை 7 மணிக்குக் குடித்தால் 11 மணிக்குப் பின் பிள்ளை மாறித் தெரியும். கணிதம், மொழிப் பாடங்களை முற்பகலில் வைக்க முடியுமா என்று கேட்கலாம். அடுத்தது, மருந்து பசியைக் குறைக்கும். இடைவேளைச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தால் அது பிடிவாதமல்ல. காலைச் சாப்பாட்டை மருந்துக்கு முன்னரே கொடுத்து, மாலையில் பசிக்கும்போது நன்றாகக் கொடுங்கள். நிறை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கிளினிக்கில் ஒழுங்காகப் பார்ப்பது அவசியம்.

வருடத்துக்கு ஓர் ஒழுங்கு

முதலாம் தவணையின் முதல் இரண்டு கிழமைக்குள் புதிய வகுப்பாசிரியரைச் சந்தித்து, போன வருடம் எது உதவியது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டாம் தவணையில் ஏற்பாடுகளை மீளாய்வு செய்து, வேலை செய்யாததை விட்டு வேறொன்றைக் கேளுங்கள். மூன்றாம் தவணையில் கிளினிக் அறிக்கையைப் புதுப்பியுங்கள். அடுத்த வருடம் அரச பரீட்சை இருந்தால் இது தவறவே கூடாது.

இவற்றையெல்லாம் வைக்க ஒரு கோவை போதும். கிளினிக் அறிக்கைகள், கடிதப் பிரதிகள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள், தவணை அறிக்கைகள், பிள்ளை நன்றாகச் செய்த வேலை ஒன்றிரண்டு. கடைசியில் சொன்னதை மறந்துவிடாதீர்கள். பிள்ளையால் என்ன முடியாது என்பதையே நிரூபித்துக்கொண்டிருக்கும் அந்தக் கோவையில், என்ன முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கவேண்டும். புதிய ஆசிரியரிடம் கோவையைத் திறக்கும்போது அந்தப் பக்கத்தை முதலில் காட்டுங்கள்.